அமைதியான சிறு கரீபியன் தீவுகளுக்குக் குடும்பத்தோடு செல்வது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கரீபியன் என்றாலே பெரிய விடுதிகளும் உல்லாசக் கப்பல்களும்தானே நினைவுக்கு வருகின்றன. அமைதியான தீவுகள் என்று இங்கே எவற்றைக் குறிப்பிடுகிறீர்கள்?

கூட்டத்தின் பெரும்பகுதி ஜமைக்கா, பஹாமாஸ், பார்படோஸ், டொமினிக்கன் குடியரசின் புந்தா கானா போன்ற இடங்களுக்கே செல்கிறது. இந்தப் பக்கத்தில் பேசப்படுபவை டொமினிக்கா, டொபேகோ, பொனேர், பெக்வே, சேபா ஆகிய ஐந்து தீவுகள். டொமினிக்கா சுமார் 750 சதுர கிலோமீட்டர் பரப்பும் எழுபதாயிரம் அளவிலான மக்கள்தொகையும் கொண்ட, காடு மூடிய எரிமலைத் தீவு. டொபேகோவின் பரப்பு சுமார் 300 சதுர கிலோமீட்டர். பொனேரும் ஏறத்தாழ அதே அளவுதான் என்றாலும், கள்ளிச் செடிகளும் உப்பளங்களும் நிறைந்த வறண்ட நிலம் அது. பெக்வே, செயின்ட் வின்சென்ட் நாட்டைச் சேர்ந்த 18 சதுர கிலோமீட்டர் தீவு. சேபாவோ 13 சதுர கிலோமீட்டர்தான். கடலிலிருந்து நேராக எழும் ஒரே மலை, அதன்மேல் ஏறத்தாழ இரண்டாயிரம் பேர்.

பயணச்சீட்டு வாங்கும்போது ஓர் எச்சரிக்கை தேவை. டொமினிக்காவும் டொமினிக்கன் குடியரசும் வெவ்வேறு நாடுகள். முன்னதில் ஆங்கிலமும் பிரெஞ்சு வழிவந்த கிரியோல் மொழியும் பேசப்படுகின்றன, பின்னதில் ஸ்பானியம். சீட்டு எடுத்துத் தருகிற முகவர்களே குழம்பக்கூடும் என்பதால், இறங்குமிடம் டக்ளஸ்-சார்லஸ் விமான நிலையம்தானா என்று பார்த்த பின்பே பணம் செலுத்துங்கள்.

இந்த ஐந்தில் எங்கள் குடும்பத்துக்கு ஏற்றதை எப்படித் தேர்ந்தெடுப்பது?

படங்களை ஒதுக்கி வைத்துவிட்டு, குழந்தைகளின் வயதையும் தீவின் நில அமைப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுடனும் தாத்தா பாட்டியுடனும் செல்பவர்களுக்குப் பெக்வேயைத்தான் முதலில் சொல்வேன். துறைமுக ஊரான போர்ட் எலிசபெத்திலிருந்து கடலோரமாகவே செல்லும் நடைபாதை, அலை குறைந்த பிரின்சஸ் மார்கரெட் கடற்கரை, எங்கும் பத்து இருபது நிமிடங்களில் போய்ச் சேர்ந்துவிடக்கூடிய தூரம் என்று எல்லாமே கைக்குள் அடங்கும். கடலில் இறங்கி மீன் பார்க்க ஆசைப்படும் ஏழெட்டு வயதுப் பிள்ளைகளுக்குப் பொனேர் பொருந்தும். நடக்கத் தயங்காத, சேற்றுக்கு முகம் சுளிக்காத பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் இருந்தால் டொமினிக்காவுக்கு இணையாக இந்தக் கடலில் வேறு தீவு இல்லை என்பது என் கருத்து. காடும் வேண்டும், வெண்மணல் கடற்கரையும் வேண்டும், மாலையில் சூடான ரொட்டியும் பருப்பும் கிடைத்தால் நல்லது என்பவர்கள் டொபேகோவுக்குச் செல்லலாம்.

சேபாவை மலையேற்றத்திலோ ஆழ்கடல் முக்குளிப்பிலோ ஏற்கெனவே ஈடுபாடு கொண்ட வளர்ந்த பிள்ளைகளுக்கு மட்டுமே பரிந்துரைப்பேன். அங்கே நிலையான மணற்கரை கிடையாது.

இவ்வளவு தொலைவு செல்கிறோமே, ஒரே பயணத்தில் மூன்று நான்கு தீவுகளைப் பார்த்துவிட முடியாதா?

வரைபடத்தில் விரற்கடை தூரத்தில் தெரியும் தீவுகளுக்கிடையே செல்வதற்கு, பெரும்பாலும் ஒரு முழுப் பகல் செலவாகும். விமானங்கள் சிறியவை, பெட்டிகளின் எடைக்குக் கடுமையான வரம்பு உண்டு, பெட்டி ஒரு விமானத்திலும் நீங்கள் இன்னொன்றிலும் வந்து சேர்வது அபூர்வமன்று. சில தீவுகளுக்கு நாள்தோறும் விமானம் இல்லை. கப்பல் வழியில் சென்றால், தீவுகளுக்கிடையே அட்லாண்டிக் அலை நேரடியாகப் புகும் நீரிணைகளில் குழந்தைகளுக்கு வாந்தி வருவது உறுதி என்றே எண்ணிக்கொண்டு கிளம்ப வேண்டும்.

ஆகவே ஒரு தீவில் பத்து நாள் தங்குவதே நல்லது. இரண்டு தீவுகள் வேண்டுமென்றால், விமான மாற்றத்துக்காக எப்படியும் இறங்க வேண்டிய தீவையே இரண்டாவதாகக் கொள்ளுங்கள். டொமினிக்காவுக்கோ செயின்ட் வின்சென்ட்டுக்கோ பார்படோஸ் வழியாகச் செல்பவர்கள் அங்கே இரண்டு இரவு தங்கலாம். டொபேகோவுக்குச் செல்பவர்கள் அதே நாட்டைச் சேர்ந்த ட்ரினிடாடில் தங்கலாம்.

எந்த மாதங்களில் செல்வது பாதுகாப்பானது?

அட்லாண்டிக் புயல் பருவம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை நீள்கிறது. அதன் உச்சம் ஆகஸ்ட் நடுவிலிருந்து அக்டோபர் வரை. இந்தச் சிறு தீவுகளில் ஒரு பெரும்புயல் என்றால் என்ன என்பதைப் புரிந்துகொள்ள இரண்டு நிகழ்வுகள் போதும். 2017 செப்டம்பர் 18 அன்று வலிமையில் உச்சமான ஐந்தாம் வகைப் புயலான மரியா டொமினிக்காவைக் கடந்தபோது, தீவின் பெரும்பாலான கூரைகள் பறந்தன. பச்சை மலைகள் இலையின்றிப் பழுப்பாயின. 2024 ஜூலை 1 அன்று பெரில் புயல் கிரெனடாவின் காரியாக்கூ தீவையும், செயின்ட் வின்சென்ட்டின் யூனியன் தீவையும் ஏறத்தாழ முழுமையாகச் சிதைத்தது. பருவத்தின் தொடக்கத்திலேயே அத்தனை வலுவோடு ஒரு புயல் வந்தது என்பதால், ஜூன், ஜூலை மாதங்கள் ஆபத்தற்றவை என்ற பழைய கணக்கை இனி நம்பிக்கொண்டிருக்க முடியாது.

மழை குறைந்த காலம் ஜனவரி முதல் ஏப்ரல் வரை. கட்டணமும் அப்போதுதான் உயர்ந்திருக்கும். பள்ளி விடுமுறை காரணமாக வடகோள கோடையில்தான் செல்ல முடியும் என்னும் குடும்பங்கள் பொனேரைத் தேர்ந்தெடுக்கட்டும். தென்னமெரிக்கக் கரையை ஒட்டியிருப்பதால் புயல்கள் வழக்கமாகச் செல்லும் பாதைக்குத் தெற்கே அது அமைந்துள்ளது. டொபேகோவும் பெரும்பாலும் தப்பிவிடும். ஆயினும் 1963இல் ஃப்ளோரா புயல் அதன் காட்டைப் பெருமளவு அழித்திருக்கிறது.

புயலைத் தவிர இன்னொன்றும் உண்டு. 2011 முதல் சர்காசம் என்னும் பழுப்புக் கடற்பாசி பெருந்திரளாக மிதந்து வந்து, இளவேனிலிலும் கோடையிலும் கிழக்குக் கரைகளில் ஒதுங்குகிறது. அழுகும்போது அழுகிய முட்டையின் நாற்றம் வீசும். மூச்சிரைப்பு உள்ள குழந்தைகளுக்கு அது நல்லதல்ல. மேற்குக் கரையில் அறை எடுத்தால் இந்தத் தொல்லை பெரும்பாலும் இராது.

டொமினிக்காவில் குழந்தைகளோடு எவற்றைப் பார்க்கலாம்? எவற்றைத் தவிர்க்க வேண்டும்?

தீவின் நடுவில் உள்ள மோர்ன் த்ருவா பிட்டோன் தேசியப் பூங்கா 1997இல் யுனெஸ்கோவின் உலக மரபிடமாக அறிவிக்கப்பட்டது. அதற்குள் இருக்கும் கொதிக்கும் ஏரியைப் பற்றித்தான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். எரிமலை வாயுக்கள் வெளிவரும் ஒரு பிளவு நீரால் நிரம்பி, சாம்பல் நிறத்தில் ஓயாமல் கொதித்துக்கொண்டிருக்கும் ஏரி அது. ஆனால் அங்கே போய்த் திரும்புவதற்கு ஆறு மணி நேரத்துக்கும் மேல் வழுக்கும் மலைப்பாதையில் ஏறி இறங்க வேண்டும். வழியில் கந்தக ஆவி எழும் பள்ளத்தாக்கைக் கடக்க வேண்டும். வழிகாட்டி இல்லாமலும், பதின்ம வயதை எட்டாத பிள்ளைகளோடும் இதற்குப் புறப்படாதீர்கள்.

சிறு பிள்ளைகளுக்கு வேறு இடங்கள் தாராளமாக உள்ளன. எமரால்ட் பூல் எனப்படும் மரகதக் குளத்தையும், ட்ரஃபால்கர் இரட்டை அருவியின் பார்வை மேடையையும் கால் மணி நேர நடையில் அடைந்துவிடலாம். வாட்டன் வேவன் ஊரில் கந்தக வெந்நீர்த் தொட்டிகளில் குடும்பமாகக் குளிக்கலாம். நீரின் சூட்டைப் பெரியவர் ஒருவர் முதலில் கையால் பார்த்துவிடுவது நல்லது. போர்ட்ஸ்மத் அருகே இந்தியன் ஆற்றில் மோட்டார் இல்லாமல் துடுப்பால் மட்டுமே படகு செலுத்துகிறார்கள். இருபுறமும் மரங்களின் பலகை வேர்கள் ஆற்றுக்குள் வளைந்து நெளிந்து இறங்கியிருக்கும். ஓசையின்மையால் நண்டுகளும் ஓணான்களும் கொக்குகளும் ஓடி ஒளிவதில்லை. நான்கு வயதுப் பிள்ளையும் சலிக்காமல் உட்கார்ந்திருக்கக்கூடிய இடம் அது. ஷாம்பெய்ன் ரீஃப் என்னும் கரையோரப் பவளத்திட்டில், கடலடி எரிமலை வெப்பத்தால் எழும் குமிழிகளுக்கு நடுவே ஸ்நோர்கெல் என்னும் மூச்சுக்குழாய் அணிந்து நீந்தலாம்.

உல்லாசக் கப்பல் தலைநகர் ரோசோவின் துறைமுகத்தில் நிற்கும் நாள்களில் மரகதக் குளத்திலும் ட்ரஃபால்கர் அருவியிலும் நடுப்பகல் வரை நெரிசலாக இருக்கும். அத்தகைய நாள்களில் காலை எட்டரைக்கு முன்போ பிற்பகல் மூன்றுக்குப் பின்போ செல்லுங்கள், அல்லது வடக்குப் பக்கம் சென்று சிண்டிகேட் காட்டுப்பாதையில் கிளிகளைத் தேடுங்கள். நாட்டுக் கொடியில் இடம்பெற்றுள்ள சிசெரு கிளி இத்தீவைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லை. மரியா புயலுக்குப் பிறகு அது மிகவும் அரிதாகிவிட்டது. கண்ணில் படுவது பெரும்பாலும் அதன் சிறிய உறவான ஜாக்கோ கிளியாகத்தான் இருக்கும் என்று பிள்ளைகளுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

மேல்மலையில் மழை பெய்தால், கீழே வெயிலடித்துக்கொண்டிருக்கும்போதே ஆற்றில் வெள்ளம் வந்துவிடும். தண்ணீர் கலங்கத் தொடங்கினாலோ இலை தழை மிதந்து வந்தாலோ பிள்ளைகளை உடனே கரையேற்றுங்கள். பாம்பு பற்றிய அச்சம் தேவையில்லை: நச்சுப் பாம்புகள் அண்டைத் தீவான மார்தினிக்கில் உண்டு, டொமினிக்காவில் இல்லை.

திமிங்கிலங்களை உண்மையாகவே பார்க்க முடியுமா?

முடியும். டொமினிக்காவின் மேற்குக் கரையில் கடல் சட்டென்று ஆழமாகிவிடுவதால், ஆழத்தில் கணவாய்களை வேட்டையாடும் ஸ்பெர்ம் திமிங்கிலங்கள் கரைக்கு அருகிலேயே ஆண்டு முழுதும் வாழ்கின்றன. தாயும் குட்டிகளும் பாட்டிகளும் சேர்ந்த குடும்பங்கள் அவை. படகோட்டிகள் நீருக்குள் ஒலிவாங்கியை இறக்கி, அவை எழுப்பும் சொடுக்கொலியைக் கேட்டு இருக்கும் திசையை அறிகிறார்கள். அந்த ஒலியைக் கேட்பதே பிள்ளைகளுக்குப் பாதி மகிழ்ச்சி. அவற்றுக்காகச் சுமார் 800 சதுர கிலோமீட்டர் கடற்பரப்பைக் காப்பகமாக்கப் போவதாக 2023 நவம்பரில் அந்நாட்டு அரசு அறிவித்தது. படகுப் பயணம் மூன்று நான்கு மணி நேரம் நீளும். வாந்தி மாத்திரையை ஏறிய பிறகு கொடுத்துப் பயனில்லை.

பெக்வேயில் நிலைமை வேறு. அங்கே சர்வதேசத் திமிங்கில ஆணையம் அளித்துள்ள பழங்குடி மரபு வேட்டைக்கான சிறு ஒதுக்கீட்டின்படி கூன்முதுகுத் திமிங்கிலங்களைப் பிடிக்கும் வழக்கம் இன்னும் உள்ளது. வேட்டை நடப்பது இளவேனில் பருவத்தில். விலங்குகளிடம் மிகுந்த பற்றுள்ள பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால், இதைப் புறப்படும் முன்பே பேசிவிடுவது நல்லது.

டொபேகோவில் கடலாமைகள் முட்டையிடுவதைப் பிள்ளைகளுக்குக் காட்டலாமா?

மார்ச் முதல் ஆகஸ்ட் வரை தோல்முதுகு ஆமைகள் இரவில் கரையேறுகின்றன. பல நூறு கிலோ எடையுள்ள, உலகின் மிகப் பெரிய கடலாமை இனம் இது. உள்ளூர்க் காவல் குழுவினரின் வழிகாட்டியோடு மட்டுமே செல்லுங்கள். கைவிளக்கோ ஒளிப்படக் கருவியின் ஒளியோ பட்டால், கரைக்கு வந்த ஆமை முட்டையிடாமலேயே திரும்பிவிடக்கூடும். நள்ளிரவு வரை இருட்டில் காத்திருக்க முடியாத குழந்தையை அழைத்துச் செல்லாதீர்கள். பிள்ளைக்கும் துன்பம், ஆமைக்கும் துன்பம்.

பகலில் மெயின் ரிட்ஜ் காட்டுக்குச் செல்லலாம். மரங்களை வெட்டினால் மழை குறையும் என்ற கருத்தை ஏற்று, 1776 ஏப்ரல் 13 அன்றே சட்டமியற்றிக் காக்கப்பட்ட காடு அது. கரும்புத் தோட்ட முதலாளிகள் ஆண்ட காலத்தில், மழையை ஈர்ப்பதற்காக ஒரு மலைத்தொடரையே வெட்டாமல் விட்டார்கள் என்பது பிள்ளைகளிடம் சொல்லத் தகுந்த செய்தி. கில்பின் பாதையில் வழிகாட்டியோடு இரண்டு மணி நேரம் நடந்தால் தேன்சிட்டை ஒத்த ஓசனிச்சிட்டுகளை மிக அருகில் பார்க்கலாம்.

நீந்தத் தெரியாத பிள்ளைகளைப் பொனேருக்கு அழைத்துச் செல்வதில் பயன் உண்டா?

உண்டு. லாக் விரிகுடாவின் சோரோபோன் கரையில் நெடுந்தொலைவு வரை இடுப்பளவு நீர்தான். மேற்குக் கரையில் பவளத்திட்டுகள் கரையிலிருந்தே தொடங்கிவிடுவதால், லைஃப் ஜாக்கெட் அணிந்து முகத்தை மட்டும் நீரில் வைத்தாலே மீன்கூட்டங்கள் தெரியும். ஆனால் அங்கே கடலுக்குள் இறங்கும் இடங்கள் பெரும்பாலும் உடைந்த பவளக் கற்கள் நிறைந்தவை. பிள்ளைகளுக்கு ரப்பர் அடிப்பாகம் கொண்ட நீர்க்காலணி கட்டாயம் தேவை. சாலையோரம் மஞ்சள் வண்ணம் பூசிய கற்கள் முக்குளிக்கும் இடங்களைக் குறிக்கின்றன.

தீவைச் சுற்றியுள்ள கடல் முழுவதும் 1979 முதல் காக்கப்பட்ட கடற்பூங்கா என்பதால், நீரில் இறங்குவதற்கு இயற்கைக் கட்டணம் செலுத்த வேண்டும். ஆக்ஸிபென்சோன், ஆக்டினாக்சேட் என்னும் வேதிப்பொருள்கள் கலந்த வெயில் காப்புக் களிம்புகளுக்கு 2021 முதல் தடை உள்ளது. ஊரில் வாங்கிய களிம்பின் உறையைப் படித்துப் பாருங்கள். நீந்தாத நாளில் தெற்கே உப்பளங்களுக்குச் சென்றால் பூநாரைகளைப் பார்க்கலாம். அருகிலேயே, அந்த உப்பை அள்ளிய அடிமைகள் படுத்துறங்கிய, உயரம் குறைந்த சிறு கற்குடில்கள் வரிசையாக நிற்கின்றன. கேள்வி கேட்கும் வயதுப் பிள்ளைகளுக்கு அவற்றையும் காட்டுங்கள்.

சைவ உணவு கிடைக்குமா?

காய்கறிகளைக் கண்டதும் ஊர் நினைவு வரும்: சேப்பங்கிழங்கு, வாழைக்காய், சீமைப்பலா, துவரை, பூசணி, தேங்காய், மாம்பழம், முள்சீத்தாப்பழம். ஆனால் சமைத்த உணவில் மறைந்திருப்பவற்றைக் கேட்டறிய வேண்டும். சேப்ப இலையில் செய்யும் கல்லலூ சூப்பில் நண்டோ உப்பிட்ட இறைச்சியோ இருக்கலாம். பருப்பு வேகும் பானையிலும் பன்றி வால் விழுந்திருக்கக்கூடும். ஜமைக்காவில் தோன்றிய ராஸ்தாஃபாரி சமய மரபினர் நடத்தும் ஐட்டல் உணவகங்களில் இறைச்சி இராது, உப்பும் குறைவு. டொமினிக்காவில் இவை எளிதில் கிடைக்கும். டொபேகோவில் ட்ரினிடாட் இந்தியர்களின் ரொட்டியும், கொண்டைக்கடலை வைத்த டபுள்ஸ் என்னும் சிற்றுண்டியும் பிள்ளைகளுக்குப் பிடித்துவிடும்.

எனினும் சமையலறையுள்ள வீட்டை வாடகைக்கு எடுப்பதே நிம்மதி. அரிசி எங்கும் கிடைக்கும். மிளகாய்த் தூள், சாம்பார்ப் பொடி, புளிக்கு மட்டும் பெட்டியில் இடம் ஒதுக்குங்கள்.

விசாவும் விமான வழியும் எப்படி?

இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்கள் டொமினிக்கா, செயின்ட் வின்சென்ட், ட்ரினிடாட்-டொபேகோ, பார்படோஸ் நாடுகளுக்குக் குறுகிய காலச் சுற்றுலாவாக விசா இன்றிச் செல்லலாம். விதிகள் மாறுவதால் சீட்டு வாங்கும் வாரத்தில் மறுபடி பார்த்துக்கொள்ளுங்கள். பொனேரும் சேபாவும் நெதர்லாந்தைச் சேர்ந்தவை என்றாலும், அவற்றுக்கு நெதர்லாந்தின் கரீபியன் பகுதிகளுக்கான விசா தனியே உண்டு.

உண்மையான சிக்கல் நடுவில்தான் இருக்கிறது. அமெரிக்கா வழியாகச் சென்றால் விமானம் மாறுவதற்கே அந்நாட்டு விசா தேவை. லண்டன் வழியாகச் செல்லும் இந்தியர்களுக்கும், அமெரிக்க, கனடிய விசா போன்றவை இல்லாவிட்டால், இடைவழி விசா தேவைப்படும். லண்டனிலோ டொரண்டோவிலோ வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு வழி எளிது: பார்படோஸுக்கு இரு நகரங்களிலிருந்தும் நேரடி விமானம் உண்டு. சென்னையிலிருந்து கிளம்புபவர்கள் வழியில் ஒரு இரவு தங்கியே தீர வேண்டும் என்று கணக்கிட்டுக்கொள்ளட்டும்.

உடல்நலம் தொடர்பாக என்னென்ன ஏற்பாடுகள் செய்ய வேண்டும்?

ட்ரினிடாட், மஞ்சள் காய்ச்சல் அபாயம் உள்ள இடங்களின் பட்டியலில் இருப்பதால், அதன் வழியாக இந்தியா திரும்புவோரிடம் தடுப்பூசிச் சான்றிதழ் கேட்பார்கள். இல்லையென்றால் தனிமைப்படுத்தவும் கூடும். ஊசி போட்டுப் பத்து நாள்கள் ஆன பின்பே சான்றிதழ் செல்லும். அங்கீகரிக்கப்பட்ட மையங்களில் மட்டுமே போடுவார்கள். சென்னையில் கிண்டி கிங் நிலையம் அவற்றுள் ஒன்று.

எல்லாத் தீவுகளிலும் டெங்கு உண்டு. பெரிய சிகிச்சை தேவைப்பட்டால் நோயாளியை வேறு தீவுக்கு விமானத்தில்தான் கொண்டு செல்ல வேண்டும் என்பதால், அந்தச் செலவை ஏற்கும் காப்பீட்டை எடுங்கள்.

பெற்றோர் அவசியம் அறிய வேண்டிய ஒரு மரமும் உண்டு. மஞ்சினீல் என்னும் அம்மரம் கடற்கரையிலேயே வளரும். சிறு பச்சை ஆப்பிளைப் போன்ற அதன் கனி இனிய மணம் கொண்டது, கடித்தால் வாயும் தொண்டையும் வெந்துவிடும். மழைக்கு அதன் அடியில் ஒதுங்கினால், இலையிலிருந்து சொட்டும் நீரே தோலில் கொப்புளம் எழுப்பும். சில இடங்களில் அடிமரத்தில் சிவப்புப் பட்டை தீட்டியிருப்பார்கள். எல்லா இடங்களிலும் அப்படி இராது. கீழே கிடக்கும் எந்தப் பழத்தையும் தொடக்கூடாது என்று முதல் நாளே பிள்ளைகளிடம் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்.

வாகனம் ஓட்டுவது, பணம்?

டொமினிக்கா, டொபேகோ, பெக்வேயில் நம் ஊரைப் போல இடப்பக்கம். பொனேர், சேபாவில் வலப்பக்கம். டொமினிக்காவில் விமான நிலையத்திலிருந்து ரோசோவுக்குச் செல்லும் மலைச்சாலை ஒரு மணி நேரத்துக்கும் மேல் வளைந்துகொண்டே போகும். இருட்டிய பின் இறங்கினால் வாடகைக் காரை மறுநாள் எடுத்துக்கொள்ளுங்கள். டொமினிக்காவிலும் பெக்வேயிலும் புழங்கும் கிழக்குக் கரீபியன் டாலர் 1976 முதல் ஓர் அமெரிக்க டாலருக்கு 2.70 என்ற நிலையான மதிப்பில் உள்ளது. பொனேரிலும் சேபாவிலும் அமெரிக்க டாலரே நாணயம்.

உள்ளூர் மக்களிடம் எப்படி நடந்துகொள்ள வேண்டும்?

கடைக்குள்ளோ பேருந்துக்குள்ளோ நுழைந்ததும் அங்கிருப்பவர்களுக்குப் பொதுவாகக் காலை வணக்கமோ மாலை வணக்கமோ சொல்லிவிட்டுத்தான் வேறு பேச்சைத் தொடங்க வேண்டும். சொல்லாமல் விலை கேட்பதை மரியாதைக்குறைவாகக் கருதுவார்கள். நீச்சலுடை கடற்கரைக்கு மட்டுமே. டொமினிக்கா, செயின்ட் வின்சென்ட், ட்ரினிடாட்-டொபேகோ நாடுகளில் படைவீரர் சீருடைக் கோலம் கொண்ட துணிகளைப் பொதுமக்கள் அணிவது குற்றம். குழந்தைகளின் தொப்பிக்கும் கால்சட்டைக்கும் அது பொருந்தும்.

டொமினிக்காவின் கிழக்குக் கரையில் 1903இல் ஒதுக்கப்பட்ட கலினாகோ பழங்குடியினரின் நிலம் உள்ளது. கொலம்பஸுக்கு முன்பே அங்கு வாழ்ந்தவர்களின் வழித்தோன்றல்கள் இன்றும் அங்கே கூடை முடைகிறார்கள். வீடுகளையும் குழந்தைகளையும் கேட்காமல் படமெடுக்காதீர்கள். கூடை வாங்கினால் முடைந்தவரிடமே வாங்குங்கள்.

இந்தப் பகுதியில் தமிழர் தொடர்புள்ள தீவு ஏதேனும் உண்டா?

டொமினிக்காவுக்கு வடக்கே பிரான்ஸுக்குச் சொந்தமான குவாதலூப் இருக்கிறது. அடிமை முறை ஒழிந்த பின் 1854 முதல் மூன்று பத்தாண்டுகளுக்கு மேலாக, புதுச்சேரி, காரைக்கால் துறைமுகங்களின் வழியே ஒப்பந்தக் கூலிகளாகத் தமிழர்கள் பல்லாயிரவர் அங்கே கொண்டுசெல்லப்பட்டார்கள். மொழி வழக்கிழந்துவிட்டது. ஆனால் மாரியம்மனையும் மதுரைவீரனையும் வழிபடும் கோயில்கள் உள்ளன. கப்பெஸ்தேர் ஊரருகே உள்ள ஷாங்கி கோயில் அவற்றுள் புகழ்பெற்றது. கொலம்போ என்னும் மசாலாக் குழம்பு தீவு முழுவதற்கும் பொதுவான உணவாகிவிட்டது. குவாதலூப்பைச் சேர்ந்த மரி-கலாந்த், கரும்பு வயல்களும் பழைய காற்றாலைகளும் கொண்ட அமைதியான சிறு தீவு; பாயிந்த்-ஆ-பித்ர் துறைமுகத்திலிருந்து படகில் சுமார் ஒரு மணி நேரம். சிறு குழந்தைகளுக்கு ஏற்ற கடற்கரைகள் அங்குண்டு.

ரோசோவிலிருந்தும் குவாதலூப்புக்குக் கப்பல் செல்கிறது, ஆனால் எல்லா நாளும் அன்று. இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்கள் கவனிக்க வேண்டியது, வழக்கமான ஷெங்கன் விசா அங்கே செல்லாது என்பது. பிரான்ஸின் கடல்கடந்த பகுதிகளுக்கான விசாவைப் புறப்படும் முன்பே தனியாக விண்ணப்பித்துப் பெற வேண்டும்.